துக்கம் இருக்கட்டும், அச்சம் போகட்டும்

இயற்கையை அறிந்துகொள்வதால் ஒருவர் நன்றாக வாழ முடியுமா? இடி எப்படி உண்டாகிறது, நிலம் ஏன் நடுங்குகிறது, உடம்பு எதனால் ஆனது என்பதெல்லாம் தெரிந்திருந்தால், வீட்டில் ஒரு சாவு விழுந்த நாளில் அது எந்த வகையிலாவது கைகொடுக்குமா? பள்ளிக்கூடத்தில் அறிவியலுக்கு ஒரு வகுப்பு, நீதிபோதனைக்கு இன்னொரு வகுப்பு. இரண்டுக்கும் தொடர்பில்லை என்றே நாம் பழகிவிட்டோம். கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த லுக்ரீஷியஸ் என்ற கவிஞர் இந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. 'பொருள்களின் இயல்பு பற்றி' என்று பொருள்படும் தலைப்பில் அவர் லத்தீனில் எழுதிய நெடும்பாடல் ஆறு காண்டங்களும் ஏறத்தாழ 7,400 அடிகளும் கொண்டது. அணு, வெற்றிடம், விண்மீன், மின்னல், காந்தம் என்று அது போகாத இடமில்லை. ஆனால் அத்தனையும் ஒரே நோக்கத்துக்காக: மனிதர் பயமில்லாமல் வாழவேண்டும். இந்தப் பாடலை இன்று உட்கார்ந்து படிப்பதில் என்ன பயன் என்று கேட்டால் என் பதில் இதுதான். இயற்கையை அறிவது துக்கத்தைப் போக்காது; துக்கத்தின் மேல் நாமே ஏற்றிவைக்கும் அச்சத்தையும் பழியையும் போக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்கும் பயிற்சியைத்தான் அந்தப் பாடல் தருகிறது. லுக்ரீஷியஸ் சில இடங்களில் இதைவிடப் பெரிதாக உரிமை கொண்டாடுகிறார். அங்கே அவர் தோற்கிறார் என்றே நினைக்கிறேன். இந்த அளவுக்கு அவர் ஜெயிக்கிறார், அது சின்ன விஷயம் இல்லை.

அவருடைய வாழ்க்கையைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது மிகக் குறைவு. கி.மு. 54இல் சிசெரோ தன் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் லுக்ரீஷியஸின் கவிதையைப் பாராட்டிப் போகிறபோக்கில் ஒரு வார்த்தை சொல்கிறார். லுக்ரீஷியஸ் காதல் மருந்தால் பித்துப் பிடித்து உயிரை விட்டார் என்று நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு புனித ஜெரோம் எழுதிவைத்த கதையை இன்று அறிஞர்கள் பெரும்பாலும் நம்புவதில்லை. ஆனால் அவர் வாழ்ந்த காலம் எப்படிப்பட்டது என்பது நன்றாகத் தெரியும். கி.மு. 82இல் ரோமைக் கைப்பற்றிய சுல்லா, கொல்லப்படவேண்டியவர்களின் பெயர்ப் பட்டியலைப் பொது இடத்தில் வைத்தார். கி.மு. 71இல் ஸ்பார்ட்டகஸின் அடிமைக் கலகம் அடக்கப்பட்டபோது ஆறாயிரம் பேர் அப்பியன் சாலை நெடுகிலும் சிலுவையில் அறையப்பட்டார்கள். மனிதரைக் கண்டு மனிதர் நடுங்கிய அந்தக் காலத்தில் வானத்தைக் கண்டும் நடுங்கினார்கள். மின்னல் எந்தப் பக்கம் அடித்தது, பலியாட்டின் ஈரல் எப்படி இருந்தது என்று பார்த்துச் சொல்பவர்களிடம் அரசாங்கமே யோசனை கேட்டது. இந்த அச்சம் அரசியலுக்கும் பயன்பட்டது. கி.மு. 59இல் ஜூலியஸ் சீசரோடு சேர்ந்து கான்சல் என்ற தலைமைப் பதவியில் இருந்த பிபுலஸ், சீசரின் சட்டங்களை முடக்குவதற்காக வீட்டை விட்டு வெளியே வராமலே, வானத்தில் சகுனம் பார்த்துக்கொண்டிருப்பதாக அறிவித்துக்கொண்டிருந்தார். வானத்தைப் பார்த்து மக்களை ஆட்டிவைக்கலாம் என்பது ஆள்பவர்களுக்குத் தெரிந்திருந்தது. லுக்ரீஷியஸ் தன் பாடலை மெம்மியஸ் என்ற அரசியல்வாதிக்கு எழுதியது அப்படிப்பட்ட நகரத்தில் இருந்துகொண்டுதான்.

அவர் சொல்லும் தத்துவம் அவருடைய சொந்தச் சரக்கு இல்லை. கி.மு. 341இல் பிறந்த எபிக்யூரஸ் என்ற கிரேக்கர் ஏதென்ஸில் ஒரு தோட்டத்தில் பள்ளி நடத்தினார். பெண்களையும் அடிமைகளையும் கூடச் சேர்த்துக்கொண்ட பள்ளி அது. எல்லாம் அணுவும் வெற்றிடமும்தான், தேவர்கள் எங்கோ தம் பாட்டில் நிம்மதியாக இருக்கிறார்கள், நம் விஷயத்தில் தலையிடுவதில்லை, சாவுக்குப் பிறகு உணர்வு இல்லை என்பது அவர் போதித்தது. லுக்ரீஷியஸ் இதைப் பாடலாக்கும்போது, முதல் காண்டத்திலேயே ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். டிராய் போருக்குப் புறப்பட்ட கிரேக்கக் கப்பல்கள் காற்றில்லாமல் ஔலிஸ் துறையில் நிற்கின்றன. தேவதையின் கோபம் தணிய அகமெம்னன் தன் மகளைப் பலிகொடுக்கவேண்டும் என்று குறி சொல்லப்படுகிறது. மணப்பருவத்தில் இருக்கும் அந்தப் பெண், பலிபீடத்தருகே துயரத்தோடு நிற்கும் தந்தையையும், கத்தியை மறைத்துக்கொண்டு நிற்கும் பூசாரிகளையும், தன்னைப் பார்த்துக் கண்ணீர் விடும் ஊராரையும் பார்க்கிறாள், பேச்சிழந்து மண்டியிடுகிறாள். முதன்முதலில் அவனை அப்பா என்று அழைத்தவள் அவள்தான், அதுகூட அவளைக் காப்பாற்றவில்லை என்கிறார் கவிஞர். இந்தக் காட்சியைக் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். காற்று வீசவில்லை, இயற்கையின் பங்கு அவ்வளவுதான். அது ஒரு தொந்தரவு, சில நாள் தாமதம். ஒரு பெண்ணின் கொலை என்பது மனிதர்கள் அதன் மேல் ஏற்றிவைத்தது. காற்று நின்றதற்கு யாரோ கோபித்திருக்கவேண்டும், கோபித்தால் யாரோ குற்றம் செய்திருக்கவேண்டும், குற்றத்துக்கு யாரோ விலை கொடுக்கவேண்டும் என்ற சங்கிலியை அறுப்பதற்குத்தான் மீதி ஆயிரக்கணக்கான அடிகளும்.

அறுப்பதற்கு அவர் எடுக்கும் கருவி கண். ஆறாம் காண்டத்தில் இடி மின்னலை எடுத்துக்கொண்டு, எட்ருஸ்கன் குறிநூல் சுருள்களைப் புரட்டுவதை விட்டுவிட்டு நேரே பாருங்கள் என்கிறார். மின்னல் தேவனின் ஆயுதம் என்றால் ஏன் அது பாவிகளை விட்டுவிட்டு ஒரு பாவமும் அறியாதவரை எரிக்கிறது? ஆளில்லாத கடலிலும் பாலைவனத்திலும் விழுந்து ஏன் வீணாகிறது? தேவனின் சொந்தக் கோயிலையும் சிலையையும் ஏன் தகர்க்கிறது? மேகமே இல்லாத தெளிந்த வானத்திலிருந்து ஏன் அடிப்பதில்லை? பிறகு குரலை மாற்றிக்கொண்டு ஒரு சின்ன உண்மையைக் காட்டுகிறார்: தூரத்தில் ஒருவன் கோடரியால் மரம் வெட்டும்போது வெட்டு விழுவது முதலில் கண்ணில் படுகிறது, சத்தம் பிறகுதான் காதில் விழுகிறது, மின்னலை முதலில் பார்ப்பதும் இடியைப் பிறகு கேட்பதும் அதே காரணத்தால்தான். இது சரியான விளக்கம். இதேபோல, கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உண்டு என்று நிறுவ அவர் காட்டும் சாட்சியங்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. கரையோரம் தொங்கவிட்ட துணி ஈரமாகிறது, வெயிலில் காய்கிறது. ஈரம் வந்ததையும் யாரும் பார்க்கவில்லை, போனதையும் பார்க்கவில்லை. விரலில் போட்ட மோதிரம் வருடக்கணக்கில் உள்பக்கமாகத் தேய்கிறது. சொட்டும் நீர் கல்லைக் குழியாக்குகிறது. கலப்பையின் கொழு மண்ணுக்குள் தேய்கிறது. நகர வாயிலில் நிற்கும் வெண்கலச் சிலைகளின் வலது கை, போகிறவர் வருகிறவர் தொட்டுக் கும்பிட்டே மெலிந்துவிட்டது. இந்தக் கடைசி உதாரணத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. வரம் கேட்டுத் தொட்ட கைகளே சிலையைக் கரைத்திருக்கின்றன. தெய்வத்தின் உருவமும் அணுக்களின் சட்டத்துக்குள்தான் நிற்கிறது. கேலி செய்யாமல், வெறுமனே பார்க்கச் சொல்லியே இதைப் புரியவைக்கிறார்.

இங்கே முதல் மறுப்பு எழும். லுக்ரீஷியஸின் இயற்பியல் பெரும்பாலும் தவறாயிற்றே, தவறான அறிவு எப்படி விடுதலை தரும்? தவறு என்பது உண்மைதான். சூரியன் ஏறத்தாழக் கண்ணுக்குத் தெரியும் அளவே பெரியது என்கிறார். பூமிக்கு அடிப்பக்கத்தில் உயிர்கள் தலைகீழாக நடமாடுகின்றன என்ற எண்ணத்தை மடமை என்று ஒதுக்குகிறார். காந்தத்துக்கு அவர் சொல்லும் விளக்கம் நிற்காது. அதே சமயம், இருட்டறைக்குள் விழும் வெயில் கற்றையில் தூசிகள் துள்ளுவதைப் பார்த்து, இவற்றைக் கண்ணுக்குத் தெரியாத சிறு துகள்கள் முட்டித் தள்ளுகின்றன என்று அவர் ஊகித்த வழி வீண்போகவில்லை. தூசி ஆடுவது பெரும்பாலும் காற்றோட்டத்தால்தான். ஆனால் 1827இல் ராபர்ட் பிரவுன் நுண்ணோக்கியில் கண்ட துகள்களின் துள்ளலுக்கு 1905இல் ஐன்ஸ்டைன் சொன்ன விளக்கம் இதே வடிவில் இருந்தது, ஜான் பெரின் அதைச் சோதனைகளால் உறுதிப்படுத்தினார். இருந்தாலும் என் வாதத்தை இந்தச் சரியான ஊகத்தின் மேல் நான் நிறுத்த விரும்பவில்லை. அதைவிட உறுதியான இடம் ஆறாம் காண்டத்தில் இருக்கிறது. தூரத்தில் ஒரு பிணம் கிடக்கிறது. வெட்டுப்பட்டா, குளிரிலா, நோயிலா, விஷத்திலா, எதனால் இறந்தான் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆகவே எல்லாக் காரணங்களையும் அடுக்கு. அவற்றில் ஒன்று உண்மையாக இருக்கும் என்கிறார். விண்மீன்கள் ஏன் நகர்கின்றன என்பதற்கும், நைல் நதி ஏன் கோடையில் பெருகுகிறது என்பதற்கும் இப்படித்தான் ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்களை வரிசையாக வைக்கிறார். அச்சத்தைப் போக்குவதற்கு எந்த விளக்கம் சரி என்பதுகூட முதல் தேவை இல்லை. சாபத்துக்கு வெளியே ஒரு விளக்கம் இருக்கிறது, தேடினால் கிடைக்கும் என்ற நம்பிக்கை போதும். சூரியனின் அளவில் அவர் பிழை செய்தது அந்த நம்பிக்கையைக் குலைக்காது. அந்தப் பிழையைப் பின்னால் வந்தவர்கள் திருத்தியதே அவர் காட்டிய வழியில், காரணத்தைத் தேடித்தான்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. நாம் லுக்ரீஷியஸைவிட ஆயிரம் மடங்கு அறிந்திருக்கிறோம், அச்சம் குறைந்ததா? வைரஸ், கதிரியக்கம், வெப்பமாகும் பூமி என்று அறிவே புதுப்புது அச்சங்களைக் கொண்டுவருகிறதே? இதற்கு விடை, அச்சங்கள் எல்லாம் ஒரே இனம் இல்லை என்பதுதான். ஒரு வகை அச்சம், என்ன செய்யலாம் என்று கேட்கிறது. இன்னொரு வகை, யார் செய்த குற்றம் என்று கேட்கிறது. 1755 நவம்பர் 1ஆம் தேதி, சகல புனிதர்கள் திருநாளன்று, மக்கள் திருப்பலிக்குக் கூடியிருந்த நேரத்தில் லிஸ்பன் நகரத்தைப் பூகம்பம் தாக்கியது. தொடர்ந்து கடல் பொங்கியது, நகரம் பற்றி எரிந்தது. மலக்ரீதா என்ற பாதிரியார், இது இயற்கையால் வந்ததே இல்லை, நகரத்தின் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று எழுதினார். பின்னாளில் போம்பால் பிரபு என்று அழைக்கப்பட்ட அமைச்சரோ இறந்தவர்களை அடக்கம் செய்யவும் நகரத்தைத் திரும்பக் கட்டவும் ஏற்பாடு செய்தார். நடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது, எத்தனை முறை அதிர்ந்தது, கடல் எப்படி நடந்துகொண்டது என்றெல்லாம் கேட்டு நாட்டின் தேவாலயப் பங்குகளுக்குக் கேள்விப் பட்டியல் அனுப்பினார். இருவருமே பயந்திருப்பார்கள். ஒருவரின் பயம் பிழைத்தவர்களின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றியது. மற்றவரின் பயம் பூகம்பவியலுக்கு விதையாக அமைந்தது. போம்பால் நல்லவர் என்று இதற்குப் பொருளில்லை. எதிரிகளிடம் அவர் கொடூரமாக நடந்துகொண்டவர், மலக்ரீதாவும் 1761இல் கொல்லப்பட்டார். நான் சொல்வது இரண்டு கேள்விகளின் வேற்றுமையை மட்டும். அறிவு முதல் வகை அச்சத்தைக் கூட்டலாம், கூட்டவும் வேண்டும். இரண்டாம் வகையை அது கரைத்துவிடும்.

மூன்றாவது மறுப்பு மரணத்தைப் பற்றியது. இங்கேதான் நான் லுக்ரீஷியஸோடு முழுக்க ஒத்துப்போக முடியவில்லை. மூன்றாம் காண்டம் முழுவதும், உயிர் உடம்போடு அழிகிறது, ஆகவே மரணம் நமக்கு ஒரு பொருட்டே இல்லை என்று நிறுவுகிறது. நாம் பிறப்பதற்கு முன் கார்தேஜோடு நடந்த போரில் உலகமே நடுங்கியது, நமக்கு ஒன்றும் தெரியவில்லை. செத்த பிறகும் அப்படித்தான் என்கிறார். பாதாளத்தின் தண்டனைகள் என்று சொல்லப்படுபவை எல்லாம் இங்கே, உயிரோடிருக்கும்போதே, பதவி ஆசையாலும் பேராசையாலும் நாம் அனுபவிப்பவைதான் என்கிறார். சாகிறவருக்கு இது ஒருவேளை ஆறுதல். செத்த பின் என்ன தண்டனையோ என்ற நடுக்கத்தை இது உண்மையிலேயே போக்கும். ஆனால் பின்னால் நின்று அழுகிறவருக்கு? அந்தக் கேள்வி அவருக்கும் தெரியும். இனி உன் வீடு உன்னை வரவேற்காது, முதல் முத்தத்துக்கு முந்திக்கொண்டு ஓடிவரும் பிள்ளைகள் இனி இல்லை என்று துக்கம் கேட்க வந்தவர்கள் புலம்புவதை அவரே எழுதுகிறார். அதற்குப் பதிலாக, இறந்தவருக்கு அந்த ஏக்கம் இருக்காது, அவர் தூங்குகிறார், தூக்கத்துக்காக ஏன் தேய்ந்துபோகவேண்டும் என்கிறார். இந்தப் பதில் போதாது. அழுகிறவர் இறந்தவருக்காக மட்டும் அழவில்லை. தனக்கு இல்லாமற்போனதற்காக அழுகிறார். அந்த இழப்பை எந்த அணுக்கொள்கையும் நிரப்பாது. காதலும் பாசமும் உண்மை என்றால் பிரிவும் உண்மை. இங்கே வாதம் கைவிடுகிறது.

ஆனால் அதே பாடலில், வாதம் கைவிட்ட இடத்தில் கவிஞர் கைவிடவில்லை. இரண்டாம் காண்டத்தில், அணுக்கள் பல வடிவம் கொண்டவை என்று விளக்கும்போது, ஒரே இனத்துக்குள்ளும் ஒவ்வோர் உயிரும் தனித்தன்மை உடையது என்று காட்ட ஒரு பசுவை அழைத்துவருகிறார். அதன் கன்று கோயில் பலிபீடத்தில் வெட்டப்பட்டுவிட்டது. தாய்ப்பசு மேய்ச்சல் நிலமெங்கும் அலைகிறது. பிளவுபட்ட குளம்புகளின் தடத்தைத் தரையில் தேடுகிறது. தோப்பை அழுகையால் நிரப்புகிறது. திரும்பத் திரும்பத் தொழுவத்துக்கு வந்து பார்க்கிறது. பனி குடித்த புல்லும், கரை ததும்ப ஓடும் ஆறும், செழித்த புல்வெளியில் மேயும் மற்றக் கன்றுகளும் அதன் மனதைத் திருப்ப முடியவில்லை. அதற்கு வேண்டியது அதன் கன்று, வேறெதுவும் இல்லை. இந்தப் பசுவிடம் லுக்ரீஷியஸ் வாதாடவில்லை. தூங்குகிறது, விடு என்று சொல்லவில்லை. துக்கத்தை அதன் முழு எடையோடு அப்படியே இருக்க விட்டுவிடுகிறார். அந்தத் துக்கத்தில் எது இல்லை என்பதையும் கவனிக்கவேண்டும். நான் என்ன குற்றம் செய்தேன், யார் கோபித்தார்கள், என் வேண்டுதலில் என்ன குறை என்று பசு கேட்கவில்லை. கன்றைக் கொன்றதோ அத்தனை கேள்விகளையும் கேட்கும் மனிதர்கள். பசுவின் துயரமும் பலிபீடத்தின் அச்சமும் ஒரே காட்சிக்குள் அடுத்தடுத்து நிற்கின்றன: ஒன்று இயற்கை, இன்னொன்று நாம் சேர்த்தது. லுக்ரீஷியஸ் கொள்கையாகச் சொன்னதைவிட இங்கே காட்டியது பெரிது என்று நினைக்கிறேன்.

நம்பிக்கை உள்ளவர் ஒருவர் இந்த இடத்தில் குறுக்கிடுவார். அவருடைய குரலுக்கு மரியாதை வேண்டும். தெய்வம் அச்சத்தை மட்டுமா தருகிறது? எத்தனை பேருக்கு அது துக்கத்தில் தாங்கும் தோளாக இருக்கிறது? இது மறுக்க முடியாத அனுபவம். லுக்ரீஷியஸ் இதற்கு இடம் கொடுப்பதில்லை. மதம் என்றாலே அவருக்கு வானத்திலிருந்து முறைக்கும் முகம்தான் தெரிகிறது. ஆனால் அவரே தன் பாடலை வீனஸ் தேவியை வணங்கித்தான் தொடங்குகிறார். வசந்தமும் பறவையும் விலங்கும் கடலும் அவள் வரவால் சிலிர்ப்பதை அவரைவிட அழகாகப் பாடியவர்கள் குறைவு. தேவர்கள் இல்லை என்றும் அவர் சொல்லவில்லை. அமைதியான நெஞ்சத்தோடு கோயிலுக்குப் போக முடியவேண்டும் என்றும், தேவர்களைக் கோபக்காரர்கள் என்று நினைப்பவரால் அது முடியாது என்றும் ஆறாம் காண்டத்தில் எழுதுகிறார். ஆகவே குற்றவாளியைக் கேட்காத ஆறுதல் ஒன்று ஒருவருக்குத் தன் நம்பிக்கையிலிருந்து கிடைக்குமானால், அதற்கும் இந்த வாதத்துக்கும் பகை இல்லை. விலை கேட்கும் ஆறுதலோடுதான் பகை.

இன்னொரு குற்றச்சாட்டு, இது கல்நெஞ்சத் தத்துவம் என்பது. இரண்டாம் காண்டத்தின் தொடக்கத்தில், புயலில் தத்தளிப்பவரைக் கரையில் நின்று பார்ப்பது இனிது என்று லுக்ரீஷியஸ் எழுதியதை இதற்குச் சாட்சியாகக் காட்டுவார்கள். அடுத்தவர் படும் பாடு இன்பம் தருவதில்லை, நமக்கு அது இல்லை என்று உணர்வதுதான் இதம் என்று அவரே உடனே விளக்குகிறார். அந்த விளக்கமும் முழுத் திருப்தி தரவில்லை என்று வைத்துக்கொள்வோம். இருந்தாலும் அவர் கரையில் நின்றுவிட்டாரா என்று பார்க்கவேண்டும். நட்பை நாடித்தான் இரவெல்லாம் கண்விழித்து இந்தப் பாடலை மெம்மியஸுக்காக எழுதுவதாகச் சொல்கிறார். ஐந்தாம் காண்டத்தில் மனித வரலாற்றைச் சொல்லும்போது, காட்டில் தனித்தனியாக அலைந்தவர்கள் குடிசையும் நெருப்பும் குடும்பமும் கண்டு மென்மையானார்கள், அக்கம்பக்கத்தார் ஒருவரை ஒருவர் துன்புறுத்துவதில்லை என்று உடன்பட்டார்கள், பெண்களையும் குழந்தைகளையும் காக்கக் கேட்டுக்கொண்டார்கள், வலுவில்லாதவர்மேல் எல்லோரும் இரங்கவேண்டும் என்று சைகையாலும் குழறிய குரலாலும் உணர்த்தினார்கள் என்கிறார். அந்த உடன்பாடு இல்லாமல் மனித இனமே அழிந்திருக்கும் என்று முடிக்கிறார். இரக்கத்துக்கு அவர் மேலுலகத்துக் கட்டளை எதையும் தேடவில்லை. அது இல்லாமல் நாம் இருந்திருக்கவே மாட்டோம் என்பதே அவருக்குப் போதும். இதே மரபில் வந்த டயோஜனஸ் என்ற முதியவர், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியின் தென்மேற்கிலுள்ள ஒய்னோவாந்தா நகரில், எபிக்யூரஸின் போதனையை ஒரு நீண்ட சுவரில் செதுக்கிவைத்தார். தனக்கு வயதாகிவிட்டது, போவதற்கு முன் ஊராருக்கும், வெளியூர்க்காரருக்கும், இனிப் பிறப்பவருக்கும் உதவவேண்டும் என்று காரணமும் எழுதினார். சிதறிப்போன அந்தச் சுவரின் கற்கள் 1884இல் கிடைக்கத் தொடங்கின. கல்நெஞ்சம் உள்ளவர் செய்கிற வேலை இல்லை இது.

இவ்வளவும் சரி, கருத்தைச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் போதாதா, பாடலை ஏன் உட்கார்ந்து படிக்கவேண்டும் என்று கேட்கலாம். லுக்ரீஷியஸ் இதற்குச் சொல்லும் பதில் பிரசித்தமானது: கசப்பு மருந்தைக் குழந்தை குடிக்க, வைத்தியர் கிண்ணத்தின் விளிம்பில் தேன் தடவுவதுபோல, தானும் கவிதையைத் தடவுவதாகச் சொல்கிறார். அவர் தன் வேலையைக் குறைத்துச் சொல்கிறார் என்று தோன்றுகிறது. அச்சம் நம்முள் வாதமாக நுழையவில்லை. சின்ன வயதில் கேட்ட கதையாக, இருட்டாக, பெரியவர்களின் முகமாற்றமாக நுழைந்தது. உருவமாக வந்ததை உருவத்தால்தான் மாற்ற முடியும். மோதிரம், சிலையின் கை, கோடரிச் சத்தம், தூசி, பசு என்று மனதில் தங்கும் உருவங்களை ஒவ்வொன்றாக வைத்து அவர் செய்வது இதைத்தான். அடி அடியாக, மெதுவாகப் படிக்கும்போது பார்வை பழகுகிறது. சுருக்கத்தில் முடிவு கிடைக்கும், பழக்கம் கிடைக்காது. இந்தப் பாடல் நம் கைக்கு வந்த கதையும் இதற்குச் சாட்சி சொல்கிறது. உயிர் அழிவது என்ற கருத்தை ஏற்கவே முடியாத கிறிஸ்தவத் துறவியர்தான் ஒன்பதாம் நூற்றாண்டில் இதைப் பிரதியெடுத்தார்கள். அக்காலத்து இரண்டு சுவடிகள் இன்றும் லைடனில் இருக்கின்றன. 1417இல், போப்பாண்டவர் அலுவலகத்தில் வேலை பார்த்த போஜ்ஜோ பிராச்சியோலினி ஒரு ஜெர்மன் மடாலயத்தில் ஒரு பிரதியைக் கண்டெடுத்தார். மாக்கியவல்லி முழுவதையும் தன் கையால் எழுதிவைத்துக்கொண்டார். மோந்தேன் ஓரமெல்லாம் குறிப்பெழுதிப் படித்து, தன் கட்டுரைகளில் ஏறத்தாழ நூறு இடங்களில் எடுத்தாண்டார். கொள்கைக்கு உடன்படாதவர்களும் அழியவிடாமல் காத்தார்கள் என்றால், கவிதை வெறும் தேன் என்று எப்படிச் சொல்வது?

எல்லா வாதங்களுக்கும் கடைசிச் சோதனை பாடலின் முடிவில் இருக்கிறது. கி.மு. 430இல் ஏதென்ஸைத் தாக்கிய கொள்ளைநோயை, துசிடிடீஸின் வரலாற்றிலிருந்து எடுத்து, தணிக்காமல் எழுதி, ஆறுதல் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் பாடல் நின்றுவிடுகிறது. கோயில்களில் பிணங்கள் நிறைகின்றன. அடுத்தவர் அடுக்கிய சிதையில் தம் உறவினரின் உடலை வைக்க மக்கள் அடித்துக்கொள்கிறார்கள். பாடல் முற்றுப்பெறவில்லையா, வேண்டுமென்றே இப்படி முடித்தாரா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். எப்படியானாலும், உள்ளே இரண்டு வரிசைகளை அவர் தனித்தனியாக வைத்திருப்பது தெரிகிறது. நோய் தன்னைத் தொட்டுவிட்டது என்று கண்டவுடன், மரணதண்டனை விதிக்கப்பட்டவரைப் போல மனம் ஒடிந்து படுத்து, அங்கேயே பலர் உயிரை விட்டதைத்தான் எல்லாவற்றிலும் பரிதாபமானது என்கிறார். இன்னொரு பக்கம், தொற்றுக்குப் பயந்து சொந்தக்காரரைப் பார்க்கப் போகாதவர்கள் பின்னால் தாங்களும் கவனிப்பாரின்றிச் செத்தார்கள். மானமும் நோயாளிகளின் ஈனக்குரலும் இழுக்க, பக்கத்தில் போய் நின்றவர்களும் செத்தார்கள், மிக நல்லவர்கள் செத்தது இந்த வகையில்தான் என்கிறார். நோய் இரு சாராரையும் கொன்றது. அதை அவர் மறைக்கவில்லை, அறிவு காப்பாற்றும் என்று பொய் சொல்லவில்லை. ஆனால் தண்டனை என்று நினைத்து ஒடிந்த மனமும், அடுத்தவர் அழைப்புக்குக் காது கொடுத்த மனமும் ஒன்றில்லை என்பதைக் காட்டிவிடுகிறார். சாவு சமம், வாழ்ந்த விதம் சமமில்லை.

ஆகவே முதல் கேள்விக்கு என் தீர்ப்பு இது. இயற்கையை அறிவது துக்கத்தைக் குணப்படுத்தும் மருந்து இல்லை; அப்படி விற்கப்பட்டால் வாங்கக்கூடாது. துக்கம் அன்பின் மறுபக்கம், அது இருக்கட்டும். அதற்கு மேல் குவிகிற 'என்ன பாவம் செய்தோமோ' என்ற சுமையை இறக்கிவைக்க அறிவு உதவும். இந்தச் சுமை நமக்கும் அந்நியமில்லை. குழந்தைக்குத் தீராத நோய் என்றால் தாயின் முன்வினையைத் தேடுகிறோம். இளம் வயதில் கணவன் இறந்தால் மனைவியின் ராசியைப் பேசுகிறோம். ஏற்கெனவே நொறுங்கியிருப்பவரின் மேல் இதை ஏற்றுவது கொடுமை, ஔலிஸ் துறையில் நடந்ததன் சிறு வடிவம். லுக்ரீஷியஸை முழுதாகப் படிக்க நேரமில்லாதவர்கள் மூன்றாம் காண்டத்தையும் ஆறாம் காண்டத்தையுமாவது ஒரு நல்ல மொழிபெயர்ப்பில் படியுங்கள். துக்க வீட்டுக்குப் போகும்போது காரணம் தெரிந்தால், கேட்டால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். பழியை மட்டும் யார் தலையிலும் வைக்காதீர்கள்.